'அ' என்பவரின் அசல் சான்றிதழ்கள்

சேலையூர்,
2.8.2025

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: கிழக்குத் தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே வசிக்கும் பூவராகன் – ஜோதிலட்சுமி தம்பதியின் ஏக புத்திரனும், தங்களைவிட ஏழே ஏழு நிமிடம் இளையவனுமான சக்தி ஆகிய எனக்கு, நேற்று வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணியளவில் மேலுதட்டின் வலது பக்கத்தில் மீசை உதயமானது. இடது பக்கம் பரிசீலனையில் உள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

மூத்தவளே, உடம்பு, மனசு, தலைமுடி மூன்றும் சௌக்கியமா? இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் கட்டில் எங்களைவிட சௌக்கியம். அதன்மேல் இப்போது என் புத்தகங்கள் படுத்துத் தூங்குகின்றன.

கல்லூரி திறந்து பன்னிரண்டு நாள். சட்டம் படிக்கப் போனவனுக்கு முதல் பாடம் சட்டைதான். எல்லோரும் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட். என் வெள்ளையை அம்மா தன் நீலப் புடவையோடு ஊறவைத்ததில் வகுப்பில் நான் ஒருவன் மட்டும் ஆகாய நிறம். தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் பொத்தேரிவரை ஒற்றைக்கால் தவம். அங்கேயும் காட்டாங்குளத்தூரிலும் தனியார் பல்கலைக்கழகக் கூட்டம் இறங்கிய பிறகுதான் இரண்டாவது காலைக் கீழே வைக்கலாம்.

முதல் நாளே ஒவ்வொருவராக எழுந்து ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். உன் தம்பி ஐந்து நிமிடம் பேசினான். மூன்று இடத்தில் கைதட்டல். பக்கத்து சீட் லாசரஸ், "மச்சான், நீ எந்த கான்வென்ட்?" என்று கேட்டான். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம் என்றேன். நம்பவில்லை.

போனே இல்லாத ஊருக்குப் போய் என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். தபால்தலை வாங்கப் போனால் போஸ்ட் ஆபீஸ் அக்கா என்னை மியூசியப் பொருளைப் போலப் பார்க்கிறார்.

இப்படிக்கு, வலது பக்க மீசையுடன்,
சக்தி


ராசிபுரம் பக்கம்,
11.8.2025

[பார்வையிடப்பட்டது – வார்டன்]

டேய் சக்தி,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாவின் தோள்வலி திரும்ப வந்ததா? அந்தப் பயிற்சிகளைச் செய்கிறாரா என்று பார்.

மேலே ஊதா சீல் பார்த்தாயா? எங்கள் கடிதங்களை, போகிறது வருகிறது எல்லாம், வார்டன் அங்காளம்மா மேடம் படித்த பிறகுதான் விடுவார். உன் மீசை அறிவிப்பையும் படித்திருக்கிறார். கவரைக் கொடுக்கும்போது, "யாரு, தம்பியா?" என்று மட்டும் கேட்டார்.

நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். இரவு பத்துவரை வகுப்பும் படிப்பும். ஞாயிறுதோறும் டெஸ்ட். திங்கள் காலை ரேங்க் பட்டியல் சாப்பாட்டு ஹாலில் ஒட்டுவார்கள். தட்டை எடுக்கும் வழியிலேயே ஒட்டுவதால் பார்க்காமல் சாப்பிட முடியாது. சாப்பாடு நன்றாக இருக்கிறது.

ஐந்து நிமிடம் ஆங்கிலமா? பத்தாம் வகுப்பில் 'என் லட்சியம்' கட்டுரையை மூன்று வரியில் நிறுத்தியவன் நீதானே. சரி, நம்புகிறேன். இங்கே உட்கார்ந்து நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். ஸஹானா இரண்டு தரம் கேட்டாள்.

ஒரு உதவி. என் போனை சார்ஜ் போட்டு வை. ஏதாவது மெசேஜ் வந்தால் சொல். கேம் விளையாட எடுக்காதே.

சரிதா


சேலையூர்,
25.8.2025

மாட்சிமை தங்கிய வார்டன் அங்காளம்மா மேடம் அவர்களுக்கும், அவர்கள் படித்து முடித்த பின் என் அக்காவுக்கும் வணக்கம். இருவரும் நலமா? மேடம், தங்களுக்கு முட்டிவலி போன்ற உபாதைகள் ஏதும் இருந்தால் ஓரத்தில் குறித்து அனுப்பவும். அம்மா கைவைத்தியம் சொல்லுவார்.

அப்பா தோளுக்குக் குறையில்லை. பேச்சுக்குத்தான் பஞ்சம். டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து இருந்து ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைதான் பேசுகிறார். அதில் நாலு மணிக்கணக்கு. "அஞ்சு நாப்பது ஆச்சு, எழுந்திரு." முடிந்தது. டிரைவர் எவராவது இந்த ரூட் வேண்டாம் என்று மல்லுக்கட்டினால் அப்பா சண்டை போட மாட்டாராம். நோட்டை நீட்டி, "மாட்டேன்னு எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து போடுப்பா" என்பாராம். பாதிப் பேர் பேனாவைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிடுவார்களாம். போன வாரம் நான் உப்புமா வேண்டாம் என்றேன். நோட்டு என்னிடமும் வந்தது. 'வேண்டாம். 7.40. சக்தி.' எழுதிவிட்டு உப்புமாவையும் சாப்பிட்டேன்.

பிறர் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும் தீங்கியல் வகுப்பில், குளிர்பான பாட்டிலுக்குள் நத்தை இருந்த பழைய வழக்கு ஒன்று நடந்தது. நான் எழுந்து, "சார், குடித்த அம்மா கம்பெனிமேல் கேஸ் போட்டார். செத்துப்போன நத்தையின் வாரிசுகள் யார்மேல் போடுவது?" என்றேன். வகுப்பே உருண்டது. டிசம்பரில் எங்களுக்குள் மாதிரி நீதிமன்றம். மூட் கோர்ட் என்பார்கள். ஜட்ஜ் மாதிரி ஒருவர் மேலே உட்காருவார், நாம் கீழே நின்று வாதாட வேண்டும். பேசினால்தான் மார்க். எங்கள் அணிக்கு யார் தலைமை என்று நீ கேட்கவே வேண்டியதில்லை.

போனா? நலம். உன் மேஜை டிராயரில் ஓய்வெடுக்கிறது.

சக்தி


ராசிபுரம் பக்கம்,
7.9.2025

[பார்வையிடப்பட்டது – வார்டன்]

சக்திக்கு,

நலம். அங்கேயும் நலம்தானே?

உன் நத்தையை ஸஹானா நோட்டில் வரைந்து ஒட்டியிருக்கிறாள். நீ இவ்வளவு நன்றாகப் பேசுகிறாய் என்றால் உனக்கு ஒரு கணக்கு கொடுக்கிறேன். உன் வகுப்பில் 'அ என்பவர் ஆ என்பவரிடம்' என்று கேள்வி கேட்பார்களாமே, அதைப்போல. பொழுதுபோக்குக்குத்தான்.

'அ' என்ற பெண் 'ஆ' என்ற பயிற்சி விடுதியில் சேருகிறாள். சேரும் நாளில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். மே மாத நுழைவுத் தேர்வுவரை விலக மாட்டேன், இடையில் விலகினால் அசல் சான்றிதழ்களைக் கேட்க மாட்டேன் என்று அதில் இருக்கிறது. 'அ'வின் டி.சி., மதிப்பெண் பட்டியல் எல்லாம் 'ஆ'வின் பீரோவில்.

'அ'வுக்கு டாக்டர் ஆவதில் விருப்பம் இல்லை. அவளுடைய அப்பா 'இ'க்கு ஒரு வருடம் கை தோளுக்குமேல் தூக்க வரவில்லை. அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், பிசியோதெரபி அறையில் ஒரு அக்கா அந்தக் கையை நாளுக்கு ஒரு அங்குலமாக மேலே கொண்டுபோனதை 'அ' தினமும் பார்த்தாள். அவளுக்கு அந்த வேலைதான் வேண்டும். ஜூனிலேயே யாருக்கும் சொல்லாமல் அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தால் அசல் சான்றிதழோடு போக வேண்டும். இல்லாவிட்டால் சீட் போய்விடும். 'ஆ' அவற்றைத் தருமா? தராவிட்டால் 'அ' என்ன செய்யலாம்?

யோசித்து எழுது. சீக்கிரம் எழுது. போனை சார்ஜ் போட்டாயா?

சரிதா


சேலையூர்,
15.9.2025

சேலையூர் உச்சபட்ச நீதிமன்றம்
மாண்புமிகு நீதியரசர் சக்தி முன்னிலையில்

'அ' கையெழுத்துப் போட்டாளா? போட்டாள். கையைப் பிடித்து யாராவது போட வைத்தார்களா? இல்லை. போட்ட கையெழுத்து போட்டதுதான். வழக்கு தள்ளுபடி. 'அ' வாயை மூடிக்கொண்டு மேவரை படிக்கவும். டாக்டரானால், அவளுக்குத் தம்பி என்று யாராவது இருக்கும் பட்சத்தில், வகுப்புக்கு மட்டம் போட மெடிக்கல் சர்டிபிகேட் இலவசமாகத் தரவும். சபை கலைகிறது.

ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு. நாட்டில் தேங்கிக் கிடக்கும் வழக்குகளை எல்லாம் என்னிடம் கொடுத்தால் பொங்கலுக்குள் முடித்துவிடுவேன்.

பன்னிரண்டாம் தேதி நமக்குப் பதினெட்டு முடிந்ததே, தெரியுமா? இனி நாம் மேஜர்கள். அம்மா கேசரி செய்தார். உன் பங்கு வீணாகக் கூடாது என்ற பொது நலனில் அதையும் நானே சாப்பிட்டேன். அப்பா உன் போட்டோ முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். டிப்போவில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாராம், "டாக்டரம்மாவுக்குப் பொறந்தநாள்" என்று. ஒரே நாளில் அவர் பேசிய அதிகபட்ச வார்த்தைகள் அவைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வார்டன் மேடத்துக்கு என் வந்தனம்.

சக்தி


ராசிபுரம் பக்கம்,
27.9.2025

[பார்வையிடப்பட்டது – வார்டன்]

சக்திக்கு,

நலம். தீர்ப்பு கிடைத்தது. படிக்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சரிதா

(ஓரத்தில், பென்சிலில், வேறு கையெழுத்தில்:) இந்தப் பொண்ணு ஒரு வாரமா ராத்திரி சாப்பிடறதில்ல.


சேலையூர்,
6.10.2025

சரிதா,

எப்படி இருக்கிறாய்? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை. தேடாதே.

முந்தைய தீர்ப்பு மறுஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. 'அ'வுக்குப் போன் என்று ஒன்று இருந்து, அது ஒரு டிராயரில் இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்து, ஒரு மடையன் அதை நேற்றுத்தான் சார்ஜில் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதில் நாற்பத்திரண்டு விளம்பர மெசேஜுக்கு நடுவே ஒன்று இருந்திருக்கும். நவம்பர் 14, வெள்ளி, காலை ஒன்பது மணிக்குக் கலந்தாய்வு. அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். இன்னும் நாள் இருக்கிறது. மடையனின் அதிர்ஷ்டம்.

இரண்டாவது. ஒப்பந்தச் சட்ட வகுப்பில் தோத்தாத்ரி சாரிடம் 'அ'வின் கதையை நான் எழுந்து நின்று முழங்கினேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார். 'அ'வின் வயசென்ன? கையெழுத்துப் போட்ட ஜூனில் பதினேழு. அவளோடு ஒரே நாளில் பிறந்தவனை எனக்குத் தெரியும். பதினெட்டு ஆகாதவர் போடும் ஒப்பந்தம் அவரைக் கட்டாது, செக்‌ஷன் பதினொன்று. அடுத்தது, அந்த விடுதிக்குச் சான்றிதழால் என்ன உபயோகம்? சான்றிதழ் அடகுச் சரக்கு இல்லை, பிடித்துவைக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறதாம். மணி அடித்துவிட்டது. லாசரஸ்கூட முதுகில் தட்டினான்.

ஆக, 'அ' கேட்கலாம். மற்றதை அவள் தம்பி பார்த்துக்கொள்வான். 'இ'யிடம் பேசுவது உட்பட.

'அ' இன்று இரவு சாப்பிட வேண்டும்.

சக்தி


ராசிபுரம் பக்கம்,
14.10.2025

[பார்வையிடப்பட்டது – வார்டன்]

டேய் சக்தி,

'அ' சாப்பிட்டாள். இரண்டு தோசை. ஸஹானா சாட்சி.

நலம் என்று பழக்கத்தில் எழுத வந்தது. பழைய கடிதங்களில் நலம் என்று எழுதியது எல்லாம் எவ்வளவு உண்மை என்று கேட்காதே. 'அ' போன ஞாயிறு டெஸ்டில் தெரிந்த கேள்விக்கும் தப்பான வட்டத்தை நிரப்பினாள். கை அதுவாகப் போனது. ரேங்க் பட்டியலில் கடைசிக்கு முந்தி. கீழே ஒரு பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்கு அப்புறம் அழுகை வந்தது.

'இ'யிடம் சொல்லாதே. யோசித்துப் பார், டிப்போ முழுக்கச் சாக்லேட் கொடுத்த மனுஷர். டீக்கடையில் எல்லோரும், "டாக்டரம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்வார்? 'அ' அதை நினைத்துத்தான் ஜூனில் வாயைத் திறக்கவில்லை.

சொல்லாமலும் நடக்காது என்று தெரியும். என்னால் முடியவில்லை. உனக்குப் பேச வரும். நீ ஐம்பது பேர் முன்னால் பேசுகிறவன்.

சரிதா


சேலையூர்,
31.10.2025

சரிதா,

சுகமா? பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். தீபாவளி, மழை, முடிச்சூர் பக்கம் தண்ணீர், லாசரஸுக்குக் காய்ச்சல் என்று காரணம் நிறைய இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

'இ'யிடம் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணி நேரம் வாதாடினேன். பிசியோதெரபியின் வரலாறு, பெண்களின் உரிமை, அவருடைய சொந்தத் தோள், எதையும் விடவில்லை. கடைசியில் 'இ' பேச்சற்றுப் போனார். அவர் எப்போதுமே பேச்சற்றவர்தான், இருந்தாலும் இது வேறு. அப்புறம் மெசேஜை ஒருமுறை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரிப்போர்ட்டிங் ஒன்பது மணிக்கா, ஒன்பதரைக்கா?"

வழக்கு பத்தாம் தேதி திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. வக்கீலும் 'இ'யும் நேரில் ஆஜராகிறார்கள். 'அ' பெட்டியைக் கட்டி வைக்கலாம். வார்டன் மேடம், இது வகுப்புக்கான கணக்கு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் பென்சிலுக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

லாசரஸின் அண்ணன் வக்கீல். அவர் கறுப்புக் கோட்டைக் கேட்டு வைத்திருக்கிறேன்.

சக்தி


திருநெல்வேலி,
4.12.2025

அன்புள்ள சக்தி,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு இரண்டு கையும் வலிக்கிறது. ஆனால் நல்ல வலி. பிசியோதெரபி வகுப்பில் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். ஒருத்தியின் தோளை இன்னொருத்தி தொட்டுப் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ராத்திரி ஒரு தட்டு நிறையச் சாப்பிடுகிறேன். மேலே சீல் இல்லாததைக் கவனித்தாயா?

அன்றைக்குச் சொல்ல மறந்த விஷயம். பெட்டியோடு படி இறங்கும்போது அங்காளம்மா மேடம் கேட்டில் நின்றிருந்தார். "அந்த 'அ'வைப் பாத்தா, ஒழுங்கா சாப்பிடச் சொன்னேன்னு சொல்லு" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

நீ மேனேஜரை வறுத்தெடுத்த கதையை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நான் மேலே பெட்டியோடு காத்திருந்ததால் நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பஸ்ஸில் நீ சொன்னதையே நடித்துக் காட்டினேன். "செக்‌ஷன் பதினொன்று தெரியுமா, மிஸ்டர் சுந்தரராமன்?" என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போது அதனால் ஒரு வேலை. பக்கத்து அறைப் பெண்ணின் தங்கைக்கு இதே பிரச்சினை. வேறொரு கோச்சிங்கில் அவள் சான்றிதழ் மாட்டிக்கொண்டிருக்கிறது. இருபதாம் தேதி அவளும் அவள் அம்மாவும் போய்க் கேட்கப்போகிறார்கள். நீ அங்கே பேசியதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பு. அதைப் பார்த்து அப்படியே பேசுவார்களாம். போனில் கேட்டால் நீ சுற்றி வளைப்பாய். எழுதித் தா.

சரிதா


சேலையூர்,
11.12.2025

மூத்தவளே,

நலமா? உன் வலிக்கும் கைகள் நலமா? நான் வாதம் படிக்கிறேன், நீ பக்கவாதம் படிக்கிறாய். குடும்பம் உருப்பட்டுவிடும். அம்மா நலம். அப்பாவிடம் டீக்கடையில் கேட்டார்களாம், "டாக்டரம்மா எப்படி?" என்று. "பிசியோதெரபிம்மா" என்றாராம். அவர் பேசியதிலேயே நீளமான வார்த்தை அதுதான்.

உன் கடிதத்தை ஐந்து நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நேற்று ரயிலில் பொத்தேரி தாண்டி உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. அந்தப் பெண் என் பேச்சை நம்பி ஒரு ஆபீஸுக்குள் போகப்போகிறாள். ஏற்கெனவே ஒருத்தி என் தீர்ப்பை நம்பி மூன்று வாரம் ராத்திரி சாப்பிடாமல் கிடந்தாள். ஆகையால் கீழ்க்கண்டவாறு வாக்குமூலம் அளிக்கிறேன்.

அந்த ஆபீஸில் நான் லாசரஸ் அண்ணனின் கோட்டில் நின்றேன். அவர் என்னைப்போல் ஒன்றரை ஆள். கை விரல் வெளியே தெரியவில்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைத் தொடங்கினேன். "மே இட் ப்ளீஸ் யுவர் லார்ட்ஷிப்" என்று வந்துவிட்டது. ஜட்ஜிடம் சொல்ல வேண்டியது. மூட் கோர்ட்டுக்காகப் படித்தது.

மேனேஜர் சுந்தரராமன் நிமிர்ந்து பார்த்தார். "லார்ட்ஷிப் லீவுங்க தம்பி. நான் மேனேஜர்." பின்னால் டைப் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "எந்த வருசம் படிக்கிறீங்க?" முதல் வருஷம் என்றேன். "முதல் வருசத்துல எத்தனாவது மாசமுங்க?" அவ்வளவுதான். செக்‌ஷன் பதினொன்று எழுதிய தாள் கோட்டுக் கைக்குள் எங்கேயோ போய்விட்டது. தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். மிஸ்டர் சுந்தரராமன் என்று நான் கூப்பிடவே இல்லை. சார் என்றுகூடச் சத்தமாக வரவில்லை.

"தேர்வு வரைக்கும் சர்டிபிகேட் தர முடியாதுங்க. கையெழுத்து போட்டிருக்குது. அது ரூல்ஸ்" என்றார் மேனேஜர்.

அப்பா சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். தேதி போட்டார். '10.20. மகள் சரிதாவின் அசல் சான்றிதழ் கேட்டேன்' என்று எழுதினார். நோட்டைத் திருப்பி மேஜைமேல் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"தர முடியாதுன்னு எழுதுங்க சார். நேரம் போட்டுக் கையெழுத்து போடுங்க. நாங்க கெளம்பிடறோம்."

"அப்படி எழுதித் தர்ற வழக்கம் இல்லீங்க."

"சரி சார். அப்ப, எழுதித் தர மாட்டேன்னு எழுதுங்க."

மேனேஜர் பேனாவைத் தொடவில்லை. அப்பா எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் ஏறவில்லை, முகம் மாறவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். '10.30. எழுதவில்லை.' '10.40. எழுதவில்லை. டீ குடித்தார்.' '10.50. யாருக்கோ போன் செய்தார். எழுதவில்லை.' மேனேஜர் ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்த்தார். தன் டீ நோட்டில் ஏறியதைப் படித்ததும் கப்பைத் தள்ளி வைத்துவிட்டார். நம் அப்பாவுக்கு அந்தக் கையைத் தூக்கி எழுத வைத்த ஆஸ்பத்திரி அக்கா அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும்.

11.20க்குப் பீரோ திறந்தது. அப்பா ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு, மேனேஜரையும் போடச் சொன்னார். அதை மேனேஜர் போட்டார்.

அப்புறம் பஸ்ஸில் நான் உனக்குச் சொன்ன கதையை எல்லாம் அப்பா முன் சீட்டில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டை என் புத்தகத்தின்மேல் திறந்து வைத்துவிட்டுப் போனார். கடைசி வரி: '8.50. கிளாம்பாக்கம். சக்தி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.'

வாக்குமூலம் தொடர்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவிடம் ஒரு மணி நேரம் வாதாடவில்லை. உன் போனை மெசேஜோடு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தாமதத்துக்குக் காரணம் மழையும் இல்லை, தீபாவளியும் இல்லை. மூன்று வாரமாக நான் வாயைத் திறந்தேன், மூடினேன். அவர் கேட்ட கேள்விகூட பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கேட்டது.

தோத்தாத்ரி சாரிடம் 'அ'வின் கதையை முழங்கியது லாசரஸ். நான் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நத்தையின் வாரிசுகளும் நான் எழுதியவர்கள்தான். கேட்டவன் அவன். அறிமுக நாளில் என் முறை வந்தபோது கீழே விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறமும் யார் என்ன கேட்டாலும் அந்தப் பேனா விழும். ஐந்து மாதமாக இந்த வகுப்பில் நான் பேசியது ஒரே வார்த்தை, 'பிரசன்ட் சார்.' தெருவில் வாய் மூடாதவனுக்கு அங்கே போனால் ஆங்கிலமும் வருவதில்லை, தமிழும் வருவதில்லை.

இன்னொன்று. 'அ' யார் என்று உன் கணக்கைப் படித்த அன்றே பாதி தெரிந்துவிட்டது. முழுசாகத் தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே என்று தெரியாத மாதிரி தீர்ப்பு எழுதினேன். அதற்கு ஜோக் எதுவும் என்னிடம் இல்லை.

ஆகவே அந்தப் பெண்ணிடம் சொல். பதினொன்றாவது செக்‌ஷன் உண்மைதான், அவள் வயதையும் பார்த்துக்கொள்ளட்டும். உயர் நீதிமன்றம் சொன்னதும் உண்மைதான். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் என்னைப்போல் பேச வேண்டாம். நான் பேசவில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, மணி காட்டும் ஒரு கடிகாரம், உட்கார ஒரு நாற்காலி. அம்மாவும் மகளும் போதும்.

மூட் கோர்ட் வரும் பதினெட்டாம் தேதி. தலைமை எல்லாம் இல்லை. கடைசிப் பெயர் என்னுடையது. நேற்று அப்பாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, 'மூட் கோர்ட்டில் பேச மாட்டேன்' என்று எழுதினேன். நேரமும் போட்டேன், 6.15. கையெழுத்துப் போட வரவில்லை. நோட்டு இன்னும் அப்படியே திறந்து கிடக்கிறது. அப்பா இரண்டு தரம் தாண்டிப் போனார்.

இப்படிக்கு,
உன் தம்பி
சக்தி

பின்குறிப்பு: ஆகஸ்ட் இரண்டாம் தேதியிட்ட அறிவிப்பு வாபஸ் பெறப்படுகிறது. அது மீசை இல்லை. அம்மாவின் கண்மை. வலது பக்கம் போட்டு முடித்தபோது அப்பா பாத்ரூம் கதவைத் தட்டிவிட்டார், "ஏழேகால்" என்று.